இரண்டு பேருக்கு ஒருவன்

என் தம்பியை இரண்டு பேருக்கு மாற்றினோம். இதை ஊரில் இருக்கிற உறவுக்காரரிடம் சொன்னால், இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் இருந்து இருந்து இவளுக்குத் தலை பழுதாகிவிட்டது என்றுதான் கதைப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான். ஒரு மாரிகாலம் முழுக்க, வீடு கூட்டுகிறவர்களும் கோப்பை கழுவுகிறவர்களுமாகப் பத்துப் பதினைந்து தமிழர் கூடி, அவனைக் கத்தானியா அணிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று தொண்டை வறள விவாதித்தோம். அந்தப் பேச்சில் நானும் இருந்தேன். என் வாயால் காரியம் கெடப் பார்த்ததும், பிறகு அதே வாயால் தப்பியதும் எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத கதை.

விளையாட்டு பேஸ்போல். எங்கள் ஆட்களுக்கும் அதற்கும் ஒரு தொடுப்பும் கிடையாது. மலையடிவாரத்தில் இருக்கிற பேஸ்போல் மைதானத்தை மாரிகாலத்தில் எங்கள் பெடியள் கேட்டு வாங்கிக் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஒருநாள் அந்த ஊர் அணியின் மனேஜர் ஏதோ வேலையாக வந்தவர், என் தம்பி கடைசி மதிலடியில் நின்று பந்தை எறிவதைக் கண்டுவிட்டார். இன்னொரு தரம் எறியச் சொன்னாராம். பிறகு இன்னொரு தரம். ஐந்தாம் தரம் எறிந்த பிறகு, என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாராம். மன்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில் பழம் ஆய்கிறேன் என்று தம்பி சொல்ல, சனிக்கிழமை தோறும் இங்கே வா என்று கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

முதல் ஆட்டத்துக்கு நாங்கள் இருபது பேர் வடையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு போனோம். எங்களைத் தவிர அங்கே இருந்தது மற்ற விளையாட்டுக்காரரின் தாய்தகப்பன் மட்டும்தான். தம்பி மட்டையோடு வந்து நின்றான். முதல் பந்தை அழகாக, நேர் மட்டையால், காலடியிலேயே சாகும்படி தடுத்தான். தடுத்துவிட்டு அசையாமல் நின்றான். நாங்கள் எழும்பி நின்று கைதட்டினோம். அப்படி ஒரு தடுப்பு கிரிக்கெட்டில் போட்டால் ஊரே மெச்சும். ஓடு, ஓடு என்று மைதானம் முழுக்கக் கத்தியது. தம்பிக்கு ஏன் என்று விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை.

அடுத்த முறை வந்தபோது அடித்தான், ஓடினான். ஆனால் மட்டையைக் கையிலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். அந்த விளையாட்டில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இவன் முதலாம் மூலைக்குக் கிட்டப் போனதும் குனிந்து, மட்டையை நீட்டி, அந்த வெள்ளைத் தட்டில் ஊன்றிவிட்டு நிமிர்ந்தான். உடம்பு இன்னும் ஒரு பாகம் தூரம் பின்னுக்கு நிற்கிறது. நடுவர் திகைத்துப் பார்க்க, எதிரணிக்காரர் பந்தோடு வந்து தட்டில் காலை வைத்தார். அவுட். மட்டை முதலே தொட்டுவிட்டது என்று நியாயம் கேட்க என் கணவர் வேலியைத் தாண்டப் பார்த்தார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

அதோடு சரி, இவனை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அந்த எறி வந்தது. எதிரணிக்காரர் ஒருவர் பந்தை உயரத் தூக்கி அடித்தார். தம்பி பின்னால் ஓடி ஓடி, மதிலுக்கு முன்னால் அதைப் பிடித்தான். பிடித்த கணத்தில் மூன்றாம் மூலையில் நின்ற அவர்களுடைய ஆள் ஓட்டம் எடுக்கக் கடைசி மூலையை நோக்கிப் பாய்ந்தார். அவர் ஆறுதலாகவே போயிருக்கலாம் என்று எல்லாரும் நினைத்த தூரம் அது. தம்பி எறிந்தான். பந்து தரையைத் தொடவே இல்லை. மைதானத்தின் ஒரு தொங்கலில் இருந்து மற்றத் தொங்கலுக்கு ஒரே நேராக வந்து, கடைசி மூலையில் குந்தியிருந்தவரின் கையுறைக்குள் போய் விழுந்தது. ஓடிவந்தவர் பாதிவழியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

என் தம்பி பஸ்ஸில் யாராவது அவன் காலை மிதித்தால் தானே மன்னிப்புக் கேட்கிறவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறவன். அந்தக் கைக்குள் இப்படி ஒன்று இருந்தது கூடப்பிறந்த எனக்கே தெரியாது. அன்றைக்குப் பிடித்த பிரமிப்பு எனக்கு இன்னும் விடவில்லை.

அப்படித்தான் நாங்கள் பேஸ்போல் இரசிகர்கள் ஆனோம். ஒன்பது வருடத்தில் விதிகள் எல்லாம் பிடிபட்டுவிட்டன. சொற்கள்தான் வாயில் ஏறவில்லை. பந்தெறிகிறவர் எங்களுக்கு இன்றைக்கும் போலர்தான், பின்னால் குந்தியிருப்பவர் கீப்பர்தான். வருடத்தின் முதல் ஆட்டத்தன்று என் கணவர் மைதான வாசலில் தேங்காய் உடைப்பார். முதல் வருடம் பயந்துபோய்ப் பார்த்த மனேஜர், இப்போது தேங்காய் வந்துவிட்டதா என்று முதல்நாளே போன் பண்ணிக் கேட்பார். வெளியூர் ஆட்டத்துக்குச் சோறு கட்டிக் கொடுப்பதும் நாங்கள்தான். ஒருமுறை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு நல்ல ஆட்டக்காரரை மனேஜர் விட்டுவிட, நாங்கள் ஒரு மாதம் மைதானப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த ஆளை விடுவது, எந்த ஆளை எடுப்பது என்றாலும் எங்கள் காதில் போட்டுவிட்டுத்தான் செய்வார்.

ஆட்டம் இல்லாத மாரிகாலம்தான் உண்மையில் எங்களுக்கு ஆட்டக்காலம். யாரை வைத்திருப்பது, யாரை மாற்றுவது என்ற விவாதம் கார்த்திகையில் தொடங்கும். அதற்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கிற தமிழ்க்கடை. மற்றது மலை. ஞாயிறு காலையில் பெல்லெக்ரீனோ மலைக்கு நடந்து ஏறி, குகைக் கோயிலுக்குள் சிலையாகப் படுத்திருக்கும் புனிதையைக் கும்பிட்டுவிட்டு வருவது எங்கள் ஆட்களின் வழக்கம். கிறிஸ்தவ வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதம் அதில் இல்லை. கல்லுப் பாதையில் வளைந்து வளைந்து ஏறும்போது விவாதிக்கலாம். கோயில் படி வந்தால் வாயை மூட வேண்டும். கும்பிட்டு இறங்கும்போது விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். இதை யாரும் விதியாகப் போடவில்லை, தானாக வந்தது.

இந்த விவாதங்களுக்குத் தலைவர் கடைக்கார அண்ணை. மன்னார்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கடையில் அரிசி, கறிவேப்பிலை, ஊருக்குப் பார்சல், போட்டோக்கொப்பி எல்லாம் உண்டு. சண்டை நேரத்தில் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் ஒன்பது வருட ஆட்டமும் அவர் தலைக்குள் இருக்கிறது. முருங்கைக்காயை நிறுத்துக்கொண்டே, மூன்று வருடத்துக்கு முன்பு மழைக்குள் நடந்த ஆட்டத்தில் ஐந்தாவது சுற்றில் யார் எங்கே அடித்தார் என்று சொல்லுவார். மனேஜரே மறந்தால் அவரிடம்தான் கேட்பார். எனக்கு அவர்மேல் ஒரு வியப்பு எப்போதும் உண்டு. அந்த மாரியில்தான் அது கோபமாக மாறியது.

தை மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் தம்பி வந்தான். சியாகுல்லித் தோட்டங்களில் பிந்திப் பழுக்கும் மன்டரினுக்கு அதுதான் காலம். ஒரு பை பழத்தை மேசையில் வைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தான். விரல் முழுக்கக் கத்தரிக்கோல் கீறல், உடம்பு முழுக்கப் பழத்தோல் மணம். அவன் தானாகக் கதை தொடங்குகிறவன் இல்லை. அதனால் நான் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு இருந்தேன்.

"அக்கா, கத்தானியாக்காரர் என்னைக் கேக்கினம்," என்றான். "தங்கடை இடக்கைப் போலரைத் தாறம், அவனைத் தாங்கோ எண்டு மனேஜரிட்டைச் சொல்லியிருக்கினம்."

கேட்டால் கேட்கட்டும், உன்னை நாங்கள் விடுவோமா என்று நான் தொடங்க, அவன் கையைக் காட்டி மறித்தான். அந்த அணியை நடத்துகிறவருக்கு ஹோட்டல் துணி தோய்க்கிற தொழிற்சாலை இருக்கிறதாம். போனால் அங்கே நிரந்தர வேலை, கொன்ராத்தோ என்கிற வேலை ஒப்பந்தத்தோடு. மன்டரின் தோட்டத்தில் காலத்துக்குக் காலம் கிடைக்கிற காகிதத்தை வைத்து மனைவியை இத்தாலிக்கு எடுக்க முடியாது. அவன் கலியாணம் கட்டி ஆறு வருடம். ஊருக்கு இரண்டு தரம் போய்வந்தான், அவ்வளவுதான் குடும்ப வாழ்க்கை. அவள் யாழ்ப்பாணத்தில் போனும் கையுமாக இருக்கிறாள். அந்தக் கொன்ராத்தோ கிடைத்தால் அவள் வரலாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இப்போதே கடைக்கார அண்ணையிடம் சொல்லுகிறேன், எல்லாரும் சந்தோசமாக விடுவார்கள் என்று எழும்பினேன். அவன் முகம் மாறியது.

"சொல்லாதை அக்கா. சொன்னால் பாவம் பார்த்து விடுவினம். பாவம் பார்த்து விட்டால் நான் போகமாட்டன்."

அவன் சொன்னால் செய்வான். முன்பு கை சுளுக்கியிருந்தபோது எங்கள் ஆட்கள் பரிதாபப்பட்டு அவனுக்கு ஒரு லேசான வேலை பிடித்துக் கொடுத்தார்கள். இவன் கட்டுப்போட்ட கையோடு தோட்டத்துக்குப் போனான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு இடத்தில்தான் தலை நிமிர்ந்து நின்றிருக்கிறான். அந்த இடத்தில் இருந்து போகும்போது, ஒரு நல்ல போலருக்குச் சமனான ஆள் என்று மதித்து மாற்றினார்கள் என்று இருக்க வேண்டும், பெண்சாதிக்காக விட்டார்கள் என்று இருக்கக்கூடாது. அவனுக்குத் தேவை அதுதான். மனேஜரையும் வாயைத் திறக்க வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். ஆக, விசயம் எங்கள் மூன்று பேருக்கு மட்டும். எனக்கு இரகசியம் காப்பது வயிற்றுக்குள் நெருப்பை வைத்திருப்பது மாதிரி. ஆனாலும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

மனேஜர் அடுத்த வாரமே செய்தியை விட்டார். மாசி கடைசிக்குள் நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள், நீங்கள் வேண்டாம் என்றால் நான் செய்யமாட்டேன் என்றார். வாட்ஸப்பில் குரல் செய்திகள் கொட்டத் தொடங்கின. நான் வேலை செய்கிற வீட்டுச் சின்யோராவின் குளியலறையைத் தேய்த்துக்கொண்டே கேட்பேன். சில நேரம் என்னை அறியாமல் பதில் சத்தம் போட, குழாயோடா சண்டை பிடிக்கிறாய் என்று சின்யோரா கதவைத் தட்டுவா.

பேச்சு இரண்டாகப் பிரிந்தது. என் கணவர் மாற்றக்கூடாது என்ற பக்கத்துக்குத் தலைவர். எதிரணிக்காரர் மூன்றாம் மூலையில் கால் பதறி நிற்பதே இவன் கைக்குப் பயந்துதான், அந்தப் பயத்தைக் கொடுத்துவிட்டு என்னத்தை வாங்கப் போகிறோம் என்பது அவர் வாதம். இன்னும் சிலர், கொடுக்கத்தான் வேண்டும் என்றால் முதலாம் மூலையில் நிற்கிற பேக்கரிக்காரரைக் கொடுப்போம், அவர் குனிந்து பந்து எடுத்துப் பல வருடமாகிறது என்றார்கள். அந்த இடக்கைக்காரரைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்தது. வெனிசுவேலாவில் பிறந்து, பூட்டனின் ஊரைத் தேடி வந்தவராம். வேகம் இல்லை, ஆனால் பந்து கடைசி நேரத்தில் வளையுமாம். அவருடைய பழைய ஆட்டங்களின் வீடியோவைத் தேடி எடுத்து, மீன் வெட்டுகிற இடைவேளையிலும் மாடிப்படி கழுவுகிற இடைவேளையிலும் எங்கள் ஆட்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். தாங்கள் எந்த வீட்டில், எந்த முதலாளியிடம் வேலை செய்வது என்று தெரிவுசெய்ய வாழ்க்கையில் ஒருநாளும் வாய்க்காத மனிதர், ஒரு அணியை இவ்வளவு கவனமாகத் தெரிவுசெய்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு அதிசயமாக இருந்தது.

மாற்ற வேண்டும் என்று நின்றவர் கடைக்கார அண்ணை. எங்கள் அணியில் இடக்கைப் போலர் இல்லாததால் தோற்ற ஆட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்புவித்தார். எனக்குத் தேவையான வாதம்தான். உள்ளுக்குள் அவருக்குக் கோடி நன்றி சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்திருக்க வேண்டியவள் நான்.

மாசி முதல் சனிக்கிழமை கடைக்குப் போனேன். ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அண்ணை பூசணிக்காய் வெட்டிக்கொண்டு, அவனுடைய கை முந்தின மாதிரி இல்லை, போன வருடம் நாலு எறி தரையில் பட்டுத்தான் வந்தது, விலை போகிற நேரத்தில் விட்டுவிட வேண்டும் என்று சொன்னார். என் தலைக்குள் ஏதோ அறுந்தது. என் தம்பியின் கையைப் பழசு என்று சொன்னால் எனக்கு எரியாதா? கூடையை வைத்துவிட்டுத் தொடங்கினேன். எந்த நாலு எறி என்று கேட்டேன். ஒன்று ஈர நிலத்தில் வழுக்கியது, ஒன்று கீப்பர் முன்னுக்கு வரவில்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். மதிலடியில் இருந்து எறிந்து எடுத்த ஆட்களை எல்லாம் வருட ஒழுங்கில் சொன்னேன். ஒன்பது வருடத்தை ஒரு மூச்சில் சொன்னேன். இவ்வளவும் எனக்குள் இருந்தது அதுவரை எனக்கே தெரியாது. கடைசியில், உங்கள் ஒரு இடக்கையன் என் தம்பியின் சுண்டுவிரலுக்குக் காணமாட்டான் என்று முடித்தேன்.

அண்ணை பூசணித் துண்டைக் கடதாசியில் சுற்றி நீட்டினார். வெளியே வரும்போது எல்லாரும் என் பக்கம். மாற்றவே கூடாது, அக்கா சொன்னதுதான் சரி என்று பின்னேரத்துக்குள் வாட்ஸப் நிரம்பியது. என் கணவர், "நல்லாக் குடுத்தீரப்பா அவருக்கு," என்று பெருமையோடு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கோப்பையைக் கையில் வாங்கிய பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. தம்பியின் பெண்சாதி வரவேண்டிய வழியை நானே அடைத்துவிட்டேன்.

முடிவு சொல்ல வேண்டிய ஞாயிறு மனேஜரும் எங்களோடு மலை ஏறினார். தம்பியும் வந்தான், எல்லாருக்கும் பின்னால், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. பாதி மலைக்குள் முடிவு தெரிந்துவிட்டது. ஒவ்வொருவராக, விட முடியாது என்றே சொன்னார்கள். சொல்லச் சொல்லத் தம்பியின் நடை மெதுவாகியது. அவனை எவ்வளவு உயர்வாகப் பேசினார்களோ அவ்வளவு தூரம் யாழ்ப்பாணம் தள்ளிப்போனது. சத்தியத்தை முறித்துச் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் எல்லாரும் உடனே சம்மதிப்பார்கள், அவன் போகமாட்டான். சொல்லாவிட்டாலும் போகமாட்டான். கடைசி வளைவு தாண்டினால் கோயில் படி. படி வந்தால் பேச்சு முடிந்தது.

அந்த வளைவில் கடைக்கார அண்ணை நின்றார். மூச்சிரைக்க, கல்லுக் கட்டில் கையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி அண்டைக்குக் கடையிலை சொன்னதை யோசிச்சுப் பார்த்தன். அவ சொல்லுறதுதான் சரி. ஒரு இடக்கையன் இவனுக்குக் காணாது," என்றார். பிறகு மனேஜருக்கு விளங்கும்படி இத்தாலியனில் திருப்பிச் சொன்னார். ஒருவனுக்கு ஒருவன் என்றால் விடமாட்டோம். அவர்களுடைய இரண்டாவது கீப்பரையும் சேர்த்துத் தரட்டும். எங்கள் கீப்பருக்கு முழங்கால் போய்விட்டது. இரண்டு பேரைத் தந்தால் இவனைத் தருவோம். இல்லாவிட்டால் இவன் இங்கேயே இருக்கட்டும்.

ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. போலர் பிரச்சினையும் தீரும், கீப்பர் பிரச்சினையும் தீரும் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். தலைகள் ஒவ்வொன்றாக ஆடின. மனேஜர் ஓரமாகப் போய் போன் எடுத்தார். எங்கள் சின்ன அணிகளுக்குள் ஒருவனுக்கு இரண்டு பேர் என்று யாரும் கேட்டதில்லை, அவர்கள் சிரித்துவிட்டு வைப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நெடுநேரம் கதைத்தார். கீழே கடல் பளபளத்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, தருகிறார்களாம் என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலை நிமிர்ந்து நின்றான். மைதானத்துக்கு வெளியே அவன் அப்படி நின்று நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

"ரெண்டு பேரையோ?" என்று கேட்டான்.

"ஓம், ரெண்டு பேரை," என்றார் அண்ணை.

"அப்ப நான் போறன்," என்றான் தம்பி. சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் போய்ப் படி ஏறினான். குகைக்குள் நான் என்ன கும்பிட்டேன் என்று ஞாபகம் இல்லை. சுவரில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் கத்தானியா பஸ் ஏறிய நாள் நான் வேலைக்கு லீவு போட்டேன். பஸ் புறப்படுகிற இடமும் ஸ்டேசனுக்குக் கிட்டத்தான். ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கடைக்குள் போனேன். கையைப் பழசு என்று சொன்ன கோபம் எனக்கு முழுதாக ஆறவில்லை. ஆனாலும் கடைசியில் காரியத்தைச் செய்து தந்தவர் அவர், தெரியாமல் செய்தாலும் செய்தவர். ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அண்ணை என்னைக் கண்டதும் மேசை லாச்சியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார்.

"தம்பிக்கு அனுப்பிவிடு பிள்ளை. கார்த்திகையிலை அடிச்சுக் குடுத்ததிலை மூண்டாம் பக்கம் மங்கல். விசாக் கந்தோரிலை திருப்பி அனுப்பிப் போடுவாங்கள். புதிசா எடுத்து வைச்சனான்."

திறந்து பார்த்தேன். மனைவியை எடுப்பதற்கான படிவம். கலியாணப் பதிவு, அவளுடைய பாஸ்போட் பக்கம், எல்லாம் இருந்தன. எனக்குச் சொல்வதற்கு இரண்டு மாதம் முன்பே, கத்தானியாக்காரர் முதலில் காதில் போட்ட நாளிலேயே, தம்பி அதை இந்தக் கடையில் பிரின்ட் எடுத்திருக்கிறான். கடைக்காரர் வாசிக்கமாட்டார் என்று நினைத்திருக்கிறான். ஒன்பது வருட ஆட்டத்தை மறக்காத மனிதர் கையில் வந்த காகிதத்தைப் பார்க்காமல் இருப்பாரா?

"அப்ப உங்களுக்கு முதலே தெரியும்," என்றேன்.

"தெரியும். அவன் சொல்லேல்லை. சொல்லாததை நான் எப்பிடிக் கதைக்கிறது?"

அரிசி மூட்டைமேல் இருந்தேன். அப்படியென்றால் அந்த நாலு எறி, கை பழசு என்ற கதை? என் வாயால் அவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டு ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் தராசைத் துடைத்தார். உண்மையில் எங்களுக்கு இடக்கைப் போலர் தேவையா அண்ணை என்று கடைசியாகக் கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை. அவன்ரை கையை நான் எண்டால் பத்துப் பேருக்கும் குடுக்கமாட்டன்."

சொல்லிவிட்டு உள்ளே வந்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். நான் அந்த மூட்டைமேல் இருந்து, அவர் வெங்காயம் நிறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் நம்பாத ஒன்றை வாரக்கணக்காக வாதாடி, நான் பேசியதையும் வாங்கி, என் கோபத்தையே எடுத்து என் தம்பிக்கு விலையாக வைத்தவர். குகைக் கோயிலில்கூட எனக்கு அப்படி ஒரு பயபக்தி வந்ததில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், வாய் வரவில்லை. வாய் நீளமான எனக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தரம்.

அதற்கு அடுத்த வருடம் வைகாசியில் கத்தானியா அணி எங்கள் மைதானத்துக்கு வந்தது. தம்பியின் பெண்சாதி, என் மச்சாள், ஊரில் இருந்து வந்து இறங்கிப் பதினொரு நாள். என் பக்கத்தில், அந்த வெயிலிலும் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு இருந்தாள். என் கணவர் வழக்கம்போல எங்கள் அணிக்குத் தேங்காய் உடைத்தார். அணி என்றால் அணிதான், தம்பி எதிர்ப்பக்கம் நின்றாலும் கத்துவது எங்கள் பக்கத்துக்குத்தான் என்று எல்லாரும் முதலே பேசி வைத்திருந்தோம். எறிந்தது நாங்கள் வாங்கிய இடக்கையர். உண்மையைச் சொன்னால் நல்ல போலர், முந்தின வருடம் எங்களைப் பல ஆட்டம் வெல்ல வைத்தவர்.

தம்பி மட்டையோடு வந்தான். நிற்கும் முன்பு எங்கள் பக்கம் திரும்பி ஒரு தரம் பார்த்தான். அவள் கையைத் தூக்குவதா விடுவதா என்று தெரியாமல் பாதியில் வைத்திருந்தாள். முதல் இரண்டு பந்தும் வளைந்து போயின, காற்றில் வீசினான். எங்கள் ஆட்கள் சொன்னபடி இடக்கையருக்குக் கைதட்டினார்கள். மூன்றாவது பந்தை அடித்தான். பந்து இரண்டு பேருக்கு நடுவால் போனது. தம்பி ஓடினான்.

மட்டையைக் கையிலே இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். பத்து வருடமாகச் செய்யாத பிழை. முதலாம் மூலைக்குக் கிட்டப் போனதும் அதே மாதிரிக் குனிந்து மட்டையை நீட்டினான். நல்லகாலம், இந்த முறை காலும் கூடவே போய்ச் சேர்ந்தது. நடுவர் இரண்டு கையையும் விரித்தார், அவுட் இல்லை. தம்பி நிமிர்ந்து தன் கையில் இருப்பதைப் பார்த்தான். மைதானமே சிரித்தது. எங்கள் இடக்கையர் சிரிப்புத் தாங்காமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். கடைக்கார அண்ணை தொப்பியைக் கழற்றி முகத்தை மூடினார். அவர் சிரிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது.

மச்சாள் என் கையைப் பிடித்தாள்.

"ஏன் மச்சாள் எல்லாரும் சிரிக்கினம்? மட்டையோடை ஓடக்கூடாதோ?"

"அவன் ஓடலாம்," என்றேன்.